ஃபோர் டென் மஸ்கட்: துளை மாறிய துப்பாக்கிகளைப் படிப்பது எப்படி

பழைய ஆயுதப்படைக் காவலர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் ரெண்டு பேர் கட்டாயம் வரும். ஒண்ணு ‘த்ரீ நாட் த்ரீ’. இன்னொண்ணு ‘ஃபோர் டென் மஸ்கட்’. நாலடி தள்ளி நின்று பார்த்தால் ரெண்டும் ஒரே துப்பாக்கிதான். அதே கட்டை, அதே போல்ட், அதே மொண்ணை மூக்கு. பேரில் பெரிய எண் இருப்பதால் .410 தான் பலமானது என்று நினைக்கிறவர்களும் உண்டு. விஷயம் நேர் எதிர்.

.303 என்பது அங்குலக் கணக்கு, குழலின் உள் விட்டம் சுமார் 7.7 மி.மீ. குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் பிடித்துச் சுழன்றபடி வெளியே போவதால்தான் தூரத்து இலக்கில் தப்பாமல் படுகிறது. அந்தப் பள்ளத்தை முழுசாகக் கடைந்தெடுத்து, துளையை 10.4 மி.மீ. வரை அகலமாக்கி, வழுவழுப்பாக விட்டுவிட்டால் அது .410. மேகசினுக்குள் மரக்கட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். ஒரு தோட்டா போடு, சுடு, வெறும் கூட்டை எடு, அடுத்ததைப் போடு. அவ்வளவுதான்.

தோட்டாவிலும் ஒரு கெட்டிக்காரத்தனம். .303 தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே கழுத்து மாதிரி ஒடுங்கும். அந்தக் கழுத்து இல்லாமல் நேர்க்குழாயாக விட்டால் .410 தோட்டா தயார். அடிப்பாகம் அதே அளவு என்பதால் போல்ட்டில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் இந்தத் தோட்டா ராணுவத்தின் .303 துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது. ராணுவத்தின் .303 குண்டை இந்த மஸ்கட்டில் சுட்டாலும், அகலத் துளைக்குள் பிடிமானம் இல்லாமல் காற்றெல்லாம் ஓரமாய்க் கசிந்து எங்கோ போய் விழும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஹார்டுவேர் ஒண்ணு, வசதியை மட்டும் வேண்டுமென்றே முடக்கியிருக்கிறார்கள்.

ஏன்? இதற்கு 1857-க்குப் போக வேண்டும். கலகத்துக்கு முன் சிப்பாய்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1853 மாதிரி என்ஃபீல்டு, .577 அளவு, உள்ளே பள்ளம் உள்ளது. கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்க்கென்றே 1858 மாதிரி என்று ஒன்று வந்தது. அதே துப்பாக்கியின் பள்ளத்தைக் கடைந்து நீக்கி, துளையைச் சுமார் .65 அங்குலம் ஆக்கியது. கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து புடைக்க ஆரம்பித்ததால், தடிமனான குழலோடு 1859 மாதிரியும் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இதே கதைதான். வெள்ளைச் சிப்பாய் கையில் மார்ட்டினி-ஹென்றி வந்தபோது நம் ஆள் கையில் ஸ்னைடர். அவன் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனபோது நமக்கு மார்ட்டினி. ராணுவத்தில் இந்த வித்தியாசம் கடைசியில் மறைந்தது. போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் அது .410 வடிவில் தங்கிவிட்டது. கூட்டம் புகுந்து ஆயுதத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்ற பயம் காரணமில்லாதது இல்லை. 1942 ஆகஸ்டில் அறந்தாங்கிக்குத் தெற்கே திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்களே, அந்த மாதிரி நாளை மனதில் வைத்துத்தான் காவலருக்கு இப்படி ஒரு ஆயுதம்.

இப்போது இதையெல்லாம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பள்ளியின் என்.சி.சி. அறையில் சுடமுடியாதபடி செய்த ஒரு துப்பாக்கி காட்சிக்கு இருக்கிறது. ‘முதல் உலகப் போரில் பிரான்சில் பயன்படுத்தப்பட்ட .303’ என்று பலகை எழுதப் போவதாகவும், சரியா என்று பார்த்துச் சொல்லும்படியும் அங்கே வேலை பார்க்கும் நண்பர் படங்கள் அனுப்பினார். அந்த ஊரிலிருந்து ஒருவர் அந்தப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் வீட்டார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அவர்களையும் கூப்பிடுவதாகத் திட்டம். அதனால் சும்மா ‘இருக்கலாம்’ என்று சொல்லிவிட முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது வலது பக்கம், பின்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் இருக்கும் பட்டை. இந்த வகைத் துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. மேலே கிரீடம், அதன் கீழே அரசர் பெயரெழுத்து, அடுத்து தொழிற்சாலை, வருஷம், மாடல். ‘இ.ஆர்.’ என்றால் ஏழாம் எட்வர்டு, 1910-க்கு முன்னால். ‘ஜி.ஆர்.’ என்றால் ஜார்ஜ், இங்கிலாந்தில் செய்தது. ‘ஜி.ஆர்.ஐ.’ என்று கூடுதலாக ஒரு எழுத்து இருந்தால் அது வங்காளத்து இஷாப்பூர். அந்த ‘ஐ’ பேரரசர் என்ற பட்டத்துக்கு. குடியரசான பிறகு கிரீடம் போய் அதே இடத்தில் அசோகச் சிங்கம் உட்கார்ந்துவிட்டது. அம்புக்குறியோடு ‘ஐ’ சேர்ந்த முத்திரை இருந்தால் இந்திய அரசின் உடைமை.

நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தது: ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1917.

பிரான்ஸ் இங்கேயே அடிபடுகிறது. இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியது 1914 செப்டம்பர் கடைசியில். அங்கே வழங்கப்பட்ட புது வகைத் தோட்டாவுக்கு ஏற்ப, கொண்டுபோன துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார்கள். அதாவது ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன துப்பாக்கியோடு அவர்கள் அங்கே சண்டை போடவில்லை. இந்தியக் காலாட்படை 1915 கடைசியிலேயே பிரான்சை விட்டு மெசபொட்டேமியாவுக்குப் போய்விட்டது, குதிரைப்படைதான் மிஞ்சியது. மெட்ராஸ் மாகாணத்து ஆட்கள் அதிகம் போனதே பஸ்ரா பக்கமும் கிழக்கு ஆப்பிரிக்காவும். 1914 நவம்பரில் தாங்காவில் தோற்ற படையில் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை இருந்தது. அங்கே விட்டுவிட்டு வந்த நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை ஜெர்மானியர்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஆக, துப்பாக்கிக்கும் அதைத் தூக்கியவனுக்கும் ஒரே சரித்திரம் இருக்கணும்னு இல்ல.

அடுத்தது மூக்கு. குழல் வாயில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பள்ளமே இல்லை. மேகசினைக் கழற்றினால் மரக்கட்டை. அது .303-ஆகப் பிறந்து .410-ஆக மாறியது. போல்ட்டின் எண்ணும் உடம்பின் எண்ணும் வேறு வேறு, பழையதை அடித்துவிட்டுப் புதுசு பொறித்திருக்கிறது. குழலின் அடிப்பாகத்தில் தனியாக ஒரு வருஷம் இருக்கும், அதையும் பார்க்கணும். பட்டையில் இருப்பது உடம்பு பிறந்த வருஷம், குழல் பிறகு மாறியிருக்கலாம். கோடு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். இங்கே யாரும் பழைய வரியை அழிப்பதில்லை, அடித்துவிட்டு மேலே எழுதுகிறார்கள், அடுக்கடுக்காகப் படிக்க வேண்டியதுதான்.

நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது: ‘1917-இல் இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ஆகச் செய்யப்பட்டு, பின்னர் காவல் பணிக்காக .410 ஆக மாற்றப்பட்டது.’ போருக்குப் போனவரின் பெயரைத் தனிப் பலகையில் போடுங்கள், துப்பாக்கியோடு சேர்க்காதீர்கள் என்றும் சொன்னேன். தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர், “அவரு பஸ்ராவுக்குப் போனாருன்னுதான் எங்க அப்பத்தா சொல்லும். பிரான்சுன்னு யாரு சொன்னது?” என்று கேட்டாராம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னும் ரெண்டு இருக்கிறது. ஒன்று 7.62 மி.மீ. இஷாப்பூர் 2ஏ, 2ஏ1. பழைய .303-ஐ மாற்றியது என்று பலர் சொல்வார்கள். இல்லை, 1962 சீனப் போருக்குப் பிறகு புதுசாகவே செய்தது. மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், 12 தோட்டா கொள்ளும். .303-இன் மேகசின் அப்படிச் சதுரமாக இருக்காது, சாய்வாக இருக்கும். இன்னொன்று .315. ராணுவத் தோட்டா போட முடியாத துப்பாக்கிதான் பொதுமக்களுக்கு என்ற வெள்ளைக்காரன் விதிக்காக, ஆஸ்திரிய 8 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி அமைத்தது. லைசென்ஸ் துப்பாக்கியாக இன்றும் அதே .315 ஓடுகிறது. உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் .303-க்கு விடை கொடுத்தது.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இந்த மாதிரி காட்சிக்கு ஏதாவது இருந்தால், பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுப் படம் எடுங்கள். வலது பக்கப் பட்டை, குழலின் அடிப்பாகம், குழல் வாய் (ஸ்கேலோடு), மேகசின். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும், அப்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும். முக்கியமா, விழாவுக்கு முந்தின நாள் கருப்பு பெயின்ட் அடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.