செங்கல் தூபியும் கற்சிலையும்

பௌத்தச் சின்னங்கள் என்றவுடன் நம் மாணவர்கள் சாஞ்சியையும் அமராவதியையும் கூறுவர். அத்தொலைவூர்களோடு நமக்கு என்ன தொடர்பு என வினவுவோரும் உளர். அத்தொடர்பு நம் சேலம் மாவட்டத்திலேயே உண்டு என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

புத்தர் பெருமான் மறைந்தபின் அவர்தம் எலும்புகள் எட்டுப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின்மீது மேடுகள் எழுப்பப்பட்டதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. இறந்தோர்க்கு மண்மேடு எழுப்பும் பழைய வழக்கமே தூபியாக வளர்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் சாஞ்சியில் செங்கல் தூபி ஒன்றை எழுப்பினார். அடுத்த நூற்றாண்டில் அது பெரிதாக்கப்பட்டுக் கல்லால் போர்த்தப்பட்டது. அரைக்கோள வடிவான அண்டம், அதன் உச்சியில் சதுர வேலி, அதனுள் குடை, கீழே வலம் வரும் பாதை, சுற்றிலும் கல்வேலி, நாற்றிசையிலும் தோரண வாயில் ஆகியவை அதன் உறுப்புகள். தோரணச் சிற்பங்களில் புத்தரின் மனித உருவம் இல்லை. போதிமரமும் சக்கரமும் திருவடியுமே அவரைக் குறித்தன. உருவச் சிலைகள் பின்னர்ப் பெருகின.

தமிழகத்தில் காவிரிப்பூம்பட்டினத்தை 1960களில் அகழ்ந்தபோது செங்கல் விகாரையும் புத்தர் திருவடிக் கல்லும் வெளிப்பட்டன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். நாகையில் எஞ்சி நின்ற பழைய செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. செங்கல் அழிந்தது; கற்சிலைகள் பல எஞ்சின. ஆத்தூரை அடுத்த தியாகனூரில் அத்தகைய புத்தர் சிலைகளை இன்றும் காணலாம்.

சேலம் பெரியேரியில் 'தலைவெட்டி முனியப்பன்' என வழிபடப்பட்ட சிலை குறித்து 2011இல் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் வல்லுநர் ஆராய்ந்தனர். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட செவிகள் ஆகிய இலக்கணங்களைக் கண்டு, அது புத்தர் சிலையே என அறிக்கை அளித்தனர். துண்டிக்கப்பட்டிருந்த தலை, சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. 2022இல் நீதிமன்றமும் அதனைப் புத்தர் எனவே ஏற்றது. முனியப்பன் என வணங்கியோரை நாம் இகழ வேண்டுவதில்லை. அவர்தம் வழிபாடும் அச்சிலையைக் காத்தது எனலாம்.

நம் மக்கள் பழம் பௌத்தரே என வாதிட்ட அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவர்தம் வழிவந்தோம் எனப் பெருமை பேசினால் மட்டும் போதாது. சான்று கண்டு பேசுதல் வேண்டும். பெயர் மாறினும் முத்திரை மாறாது. அம்முத்திரையைப் படித்தறியும் கண்ணை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே கல்விச் சங்கத்தின் கடமையாகும். இல்லையேல், நம் வயலோரத்தில் நிற்பது யாரென அறியாமலே நாம் கடந்து செல்வோம்.