4 அடி ஷெல்ஃப்ல ஒரு கூட்ஸ் யார்டு... தண்டவாளத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி அட்டையில ஃபேக்டரி கட்டுங்க!

யூடியூபில் 'மாடல் ரயில்' என்று தேடிப் பாருங்கள். ஓர் அறை முழுக்க மலை, குகை, பாலம், நடுவில் வளைந்து வளைந்து ஓடும் ரயில்... பார்க்கவே ஆசையாக இருக்கும். அடுத்த நொடியே, 'நாம இருக்கிறதே சிங்கிள் பெட்ரூம் வாடகை வீடு, இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று மனசு சொல்லும். புத்தகம் வைக்கிற ஷெல்ஃப் ஒன்று காலியாக இருந்தாலே போதும். ரயில் வட்டமடிக்கத்தான் பெரிய இடம் வேண்டும், ஷன்டிங் செய்ய வேண்டாம்.

ஷன்டிங் தெரியும்தானே? கூட்ஸ் வண்டியின் வேகன்களைப் பிரித்து, முன்னும் பின்னும் இழுத்து, எந்த வேகன் எங்கே போகணுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. ஷெல்ஃப் ரயிலில் விளையாட்டே அதுதான்.

இதற்காக ஆலன் ரைட் என்ற இங்கிலாந்துக்காரர் யோசித்த ஒரு லேஅவுட்டின் பெயர் 'இங்கிள்நுக் சைடிங்ஸ்'. மொத்தமே இரண்டு பாயின்ட், மூன்று லைன். ஒரு லைனில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மறுபக்கம் இன்ஜினும் 3 வேகனும் நிற்கிற அளவுக்குத்தான் தண்டவாளம். உங்களிடம் 8 வேகன்கள். சீட்டுக் குலுக்கி 5 எடுங்கள். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தும் நீள லைனில் நிற்கணும். அவ்வளவுதான் விதி. 'இது என்ன பெரிய விஷயம்' என்று தோன்றினால் 8×7×6×5×4 பெருக்கிப் பாருங்கள். 6,720 வரிசைகள்! தினம் ஒன்று ஆடினாலும் தீர 18 வருஷம் ஆகும்.

அளவு விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். N ஸ்கேல் என்றால் 1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ. HO என்றால் 1:87, அகலம் 16.5 மி.மீ. நிஜத்தில் 40 அடி நீளமுள்ள வேகன் N-ல் ஏழரை செ.மீ., HO-வில் 14 செ.மீ. அந்த மாதிரி வேகன்களை வைத்து இங்கிள்நுக் போட N-க்குச் சுமார் 4 அடி, HO-வுக்கு 6 அடி நீளம் வேண்டும். ஷெல்ஃபின் அகலம் ஓர் அடி இருந்தால் தாராளம்.

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்ணுகிறோம். நானும் பண்ணினேன். பார்சல் வந்த அன்றே தண்டவாளத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டு மாசம் காசு சேர்த்து ஒரு குடோன் கிட் வாங்கி வைத்தால், கதவுக்கும் வேகனுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் வேகன் கதவுக்கு நேராக நின்றால் இரண்டாவது சுவரைப் பார்த்து நிற்கிறது. பெயர்த்தெடுத்ததில் ஒரு பாயின்ட்டும் உடைந்தது. இந்தச் சாமான்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கணும் என்பதால் வலி கொஞ்சம் அதிகம். அப்புறம் ஆறு மாசம் அந்தப் பலகை பக்கமே போகவில்லை.

அதனால் தண்டவாளத்தை முதலில் டபுள் சைடு டேப்பில் மட்டும் நிறுத்துங்கள். ஃபேக்டரிகளை அட்டையில் கட்டுங்கள். மாடல் ரயில்காரர்கள் 'மாக்-அப்' என்பது இதைத்தான்.

ஆன்லைன் ஆர்டர் வந்த அட்டைப்பெட்டி, கட்டர், ஸ்கேல், டேப் போதும். 12 மீட்டர் உயரக் கட்டடம் HO-வில் கிட்டத்தட்ட 14 செ.மீ., N-ல் ஏழரை. கணக்குப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஓர் ஆளை அட்டையில் வெட்டுங்கள், HO-வில் 2 செ.மீ., N-ல் 1 செ.மீ. அவரைக் கதவு பக்கத்தில் நிறுத்தினாலே கதவு பெருசா சிறுசா என்று கண்ணே சொல்லிவிடும்.

கட்டடம் முழுசாக வேண்டாம். பின்சுவரை ஒட்டி 3, 4 செ.மீ. ஆழத்துக்கு முகப்பு மட்டும் நிற்கட்டும். மீதிக் கட்டடம் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பதாக மூளை நம்பிக்கொள்ளும். அட்டையின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்குமே, அதுதான் தகர ஷெட். டிஷ்யூ ரோலின் உள்குழாய் சிமென்ட் சிலோ. தெருவில் பார்க்கிற பழைய குடோன் சுவரை நேராக நின்று போனில் படமெடுத்து, பிரின்ட் போட்டு ஒட்டினால் பாதி மாடலர்கள் ஏமாந்துபோவார்கள். (வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு எடுங்க!)

இப்போது அந்த 5 வேகன் லைனுக்கு வாருங்கள். வேகன்களைக் கோத்து நிறுத்தி, ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சிலால் குறியுங்கள். முதல் மூன்று குறிக்கு நேராக மூன்று குடோன் கதவு. நாலாவதுக்கு சிலோ. ஐந்தாவதில் டேங்கர் நிற்கட்டும். அதற்குக் கட்டடமே வேண்டாம், ஒரு மேடையும் இரண்டு ஸ்ட்ரா பைப்பும் போதும். இனி சீட்டில் வருவது வெறும் நம்பர் இல்லை. 'அரிசி மூணாவது கதவுக்கு, சர்க்கரை முதல் கதவுக்கு' என்று ஆர்டராகிவிடும். சிலோவும் டேங்கரும் இடம் மாறாது என்பதால் வரிசைகளின் எண்ணிக்கை குறையும். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை, ஏன் ஷன்டிங் பண்ணுகிறோம் என்பதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

இரண்டு வாரம் அப்படியே ஓட்டுங்கள். இருக்கிறதிலேயே அகலமான வேகனையும் இன்ஜினையும் கையால் தள்ளிப் பாருங்கள், சுவரில் உரசக் கூடாது. வேகன்களைக் கழற்ற விரல் உள்ளே போகணும். ஷெட் கூரை இடிக்கிறதா? கட்டரை எடுங்கள், அட்டைதானே! போனைத் தண்டவாளத்தின் உயரத்துக்கு இறக்கி ஒரு படம் எடுங்கள். எல்லாக் கட்டடமும் ஒரே உயரத்தில் மதில்சுவர் மாதிரி தெரிந்தால் ஒன்றை வெட்டி, ஒன்றை ஏற்றுங்கள்.

நான் எட்டாவது நாள் சிலோவை இடம் மாற்றினேன். கிட்டாக வாங்கியிருந்தால் மனசு வந்திருக்காது.

திருப்தியான பிறகு ஃபோம் போர்டிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ நிஜக் கட்டடம் செய்யுங்கள். தண்டவாளத்துக்குப் பசையும் அப்போதுதான். பழைய அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டேப்பைப் பிரித்துத் தட்டையாக்கி ஷீட்டின் மேல் வைத்து வரைந்தால், வெட்ட வேண்டிய அளவெல்லாம் அதிலேயே இருக்கிறது.