கூடிக் கற்றலும் கணினியும்

மாணாக்கர் கூடிக் கற்றல் பழைய வழக்கு. அதற்குக் கணினி துணையானமை அண்மைக் கால வரலாறாகும். 1960 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'பிளேற்றோ' என்னும் அமைப்பு, தொடக்கத்தில் ஒரு வேளையில் ஒரு மாணாக்கனுக்கே பாடம் புகட்டிற்று. கற்போன் தன் வேகத்திற்கேற்ப முன்னேறினான்; ஆயின் உசாவுதற்கு உடன் கற்போர் அங்கில்லை.

இக்குறையைக் களைய முனைந்தோருள் கனடா நாட்டு அறிஞர் மார்லின் ஸ்காடமாலியாவும் கார்ல் பெரைற்றரும் குறிப்பிடத்தக்கவர். 1980களில் அவ்விருவரும் அமைத்த பொதுக் கணினி ஏட்டிற் சிறுவர் தம் ஐயங்களையும் கருத்துக்களையும் பதிந்தனர். ஏனையோர் அவற்றைப் படித்துக் கருத்துரைத்தனர். 1989 இல் இத்தாலியின் மறாத்தேயா நகரிற் கூடிய ஆய்வரங்கின் பின் இம்முயற்சி தனித் துறையாக வளர்ந்தது.

ஆயினும், ஒருங்கு கூட்டியமையாற் கல்வி நிகழ்ந்துவிடவில்லை. வல்லார் உழைக்க, ஏனையோர் வாளா இருத்தலும் உண்டு. ஆதலின், யார் வினவுவது, யார் விடை கூறுவது, யார் தொகுப்பது என ஒழுங்குமுறைகள் வகுக்கப்பட்டன. 2002 இல் பியர் டிலன்பூர்க் என்னும் அறிஞர், ஒழுங்கு மிகின் உரையாடலின் இயல்பான ஓட்டம் தடைப்படும் என எச்சரித்தார். தொடக்க நிலையோனுக்கு ஊன்றுகோலாவது தேர்ந்தோனுக்குத் தளையாகும். தேர்ச்சி வளர வளர அது தளர்த்தப்படல் வேண்டும்.

யார் எத்துணை எழுதினர் என்பதைக் கணினி எண்ணிக் காட்டும். எழுதாதிருந்தவன் அறியாமையால் இருந்தானா, அச்சத்தால் இருந்தானா, ஆழ்ந்து சிந்தித்திருந்தானா என்பதை உணர்பவர் ஆசிரியரே. அவ்வுணர்வின்றி வகுக்கும் ஒழுங்கு, எத்துணைச் செம்மையாயினும் மாணாக்கருக்குப் பொருந்தாது.