ஹார்மோன் இல்லாத நிவாரணம்: எண்ணெயிலிருந்து ஈரப்பதமூட்டி வரை

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. யோனியின் உட்சுவர் மெலிந்து, ஈரம் வற்றி, எரிச்சலும் அரிப்பும் உறவின்போது வலியும் தோன்றுகின்றன. உட்சுவரில் சர்க்கரைச் சத்து குறைவதால், அதை உண்டு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நன்மை தரும் நுண்ணுயிர்களும் குறைந்துபோகின்றன. அதனால் யோனியின் இயல்பான அமிலத்தன்மை தளர்ந்து தொற்றுக்கு வழி திறக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பெண்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு. இதற்கு ஹார்மோன் சேராத நிவாரணம் தேடிய வரலாறு நெடியது. அதன் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் குறையைத் தீர்க்க முயன்றது.

சரக சம்ஹிதை இருபது வகை யோனி நோய்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று வறட்சி. வாத மிகுதியால் வரும் நோயாக அதைக் கருதிய ஆயுர்வேதம், எண்ணெயில் தோய்த்த பஞ்சை உள்ளே வைக்கும் முறையைக் கையாண்டது. கையில் கிடைத்த எண்ணெயும் நெய்யும்தான் பெண்களுக்குப் பல நூற்றாண்டுகள் துணையாக இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெட்ரோலியம் வந்தது. ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலர் 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சென்றார். துளையிடும் கம்பிகளில் படிந்த கருமெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயங்களில் தடவுவதை அங்கே பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். மசகாக இட்டால் வழுவழுப்பு நீடித்தாலும் நீரில் கழுவினால் அது எளிதில் போகாது. ரப்பர் ஆணுறைக்கும் எண்ணெய்ப் பொருட்கள் ஆகாதவை. மினரல் ஆயில் பட்ட ஒரே நிமிடத்தில் ஆணுறை தன் வலிமையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இழப்பதாக 1989இல் வெளியான ஆய்வு காட்டியது.

நீரில் கரையும் ஜெல் அறுவை அரங்கிலிருந்து வந்தது. நியூயார்க்கின் வான் ஹார்ன் அண்ட் சாட்டெல் நிறுவனம் 1904இல் கே-ஒய் ஜெல்லியை அறிமுகம் செய்தபோது, அறுவை மருத்துவர்களின் கருவிகளை வழுக்கச் செய்வதே அதன் வேலை. பின்னர் அது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. மருந்துச்சீட்டு இல்லாமல் கடைகளில் கிடைக்கத் தொடங்கியது 1980 வாக்கில்தான். எண்ணெயின் பிசுக்கு இதில் இல்லை. ஆனால் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும் என்பதால், உறவின் நேரத்துக்கு உதவியதே தவிர நாள் முழுதும் உறுத்தும் வறட்சியைத் தீர்க்கவில்லை.

இடையில் ஹார்மோன் காலம் வந்தது. 1942இல் பிரிமரின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜன் இளமையைக் காக்கும் என்று 1966இல் ராபர்ட் வில்சன் எழுதிய நூல் பரப்பியது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் அதிகம் வருவதாக 1975இல் ஆய்வுகள் சொன்னபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2002இல், 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் கூடியதே காரணம். யோனியில் மட்டும் இடும் சிறு அளவு ஈஸ்ட்ரோஜன் வேறு வகைச் சிகிச்சை. ஆயினும் பெண்களின் அச்சம் அதையும் விடவில்லை.

ஹார்மோன் மீதான இந்த அச்சத்தால் ஈரப்பதமூட்டிகளின் தேவை கூர்மையானது. 2002க்கு முன்பே, 1980களின் பிற்பகுதியில் வந்த ரெப்ளென்ஸ் ஜெல்லில் பாலிகார்போஃபில் என்ற பொருள் இருக்கிறது. தன் எடையைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு அது யோனியின் உட்சுவரில் ஒட்டி நிற்கும். பழைய செல்கள் உதிரும்வரை ஈரத்தைச் சிறிது சிறிதாக விடும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை இட்டால் போதும். 2018இல் 302 பெண்களிடம் நடந்த பன்னிரண்டு வார ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை உள்ளே வைத்தவர்களும், ஈரப்பதமூட்டி இட்டவர்களும், மருந்தற்ற ஜெல் இட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம் கண்டனர்.

அடுத்து, ஜெல்லின் தரம் அளக்கப்பட்டது. யோனித் திரவத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்த பொருட்களின் செறிவு, கிலோவுக்கு ஏறத்தாழ 260 முதல் 290 மில்லிஆஸ்மோல் வரை. கிளிசரின் மிகுந்த பல ஜெல்களில் அது ஆயிரத்தைத் தாண்டும். அவை செல்களிலிருந்தே நீரை உறிஞ்சி உட்சுவரைப் புண்ணாக்கக்கூடும். ஈரம் தர வந்த பொருள் ஈரத்தைப் பறிக்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2012இல் 380ஐத் தாண்டாத அளவே சிறந்தது, 1,200க்கு மேல் கூடாது, அமிலத்தன்மை பி.எச். 4.5 அளவில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பின்னர் வந்த லேசர் சிகிச்சை பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பற்றி எச்சரித்தது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் உண்மை லேசருக்கும் போலிச் சிகிச்சைக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. இன்று மெனோபாஸ் சொசைட்டி என்னும் அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதல், லேசான தொல்லைக்கு முதல் படியாகச் சொல்வது ஈரப்பதமூட்டியையும் மசகு ஜெல்லையும்தான். அவை போதாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு அடுத்த சிகிச்சைக்குப் போகலாம். வயதின் விதி என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய வேதனை அல்ல இது.