குரங்கு பெடலும் காற்று ஃபோர்க்கும்

போன மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போனபோது என் மவுண்டன் பைக்கையும் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். வரதராஜன்பேட்டையைச் சுற்றி முந்திரிக்காடுகளுக்குள் போகும் செம்மண் பாதைகள் இந்த மாதிரி வண்டிக்கென்றே அமைந்தவை. இரண்டாம் நாள் காலையில் என் மகன் வண்டியைக் கேட்டான். 13 வயசு, வளர்ந்த பையன். சீட்டை இறக்கிக் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. "வேர் மேல ஏறினதும் முன்சக்கரம் தூக்கி அடிச்சிருச்சுப்பா" என்றான். "ஹாண்டில் பாரை இறுக்கிப் பிடிச்சிருப்ப. கையை லூசா விடணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டிவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ராத்திரி வண்டியைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. ஃபோர்க்கில் இருந்தது 80 பிஎஸ்ஐ. 84 கிலோ எடையுள்ள எனக்காக வைத்த காற்று அது. அவன் 46 கிலோ. சீட்டை இறக்கினேன், காற்றை இறக்கவில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தான் கத்துக்கிட்டோம். வண்டியா எங்களுக்காக வளைஞ்சுச்சு? நாங்கதான் வளைஞ்சோம்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவு.

குரங்கு பெடல் தெரியாதவர்களுக்கு: பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் சிறுவனுக்கு சீட் எட்டாது. பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை விட்டு, இடுப்பைக் கோணலாக வளைத்து, அரை அரையாக மிதிக்க வேண்டும். சென்னை அம்பத்தூரில் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் ஊர் ஊராக வந்தன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே சைக்கிள். அதுவும் அப்பா அளவுக்கு. மற்றவர்கள் எல்லாரும் அதற்குத் தகுந்தபடி வளைந்தார்கள்.

அந்தக் கறுப்பு சைக்கிளில் சஸ்பென்ஷன் எங்கே இருந்தது? சீட்டுக்கு அடியில் இரண்டு கம்பிச் சுருள். முன்பக்கம் சற்று வளைந்து நீண்ட ஃபோர்க், கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பிறகு 28-க்கு 1½ டயர். அவ்வளவுதான்.

இங்கிருந்து கொஞ்சம் பின்னால் போவோம். 1885-ல் இங்கிலாந்தில் ஜே. கே. ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். இன்றைய சைக்கிளின் நேரடி மூதாதை அது. ஆனால் டயர் கெட்டி ரப்பர், ரோடோ கல் ரோடு. எலும்பு கழன்றுவிடும். அதே காலகட்டத்தில் லின்லி அண்ட் பிக்ஸ் என்ற கம்பெனி, பிரேமிலேயே ஸ்பிரிங் வைத்து 'விப்பெட்' என்ற சைக்கிளை விற்றது. சைக்கிள் சஸ்பென்ஷன் ஏதோ நேற்று வந்த ஃபேஷன் இல்லை.

அதைக் காலி செய்தது காற்று. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடக் காற்றடைத்த டயர் செய்தார். (ஒரு மகனுக்காக அப்பா செய்த வேலை என்பதை இப்போது கவனிக்கிறேன்!) ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்ததால் டன்லப்பின் காப்புரிமை பிறகு செல்லாமல் போனது தனிக்கதை. டயரே மெத்தை ஆகிவிட்டதால் ஸ்பிரிங் பிரேம்கள் தேவையற்றுப் போயின. நம்மூரிலும் அதே காற்றுதான் இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியை டயர் வண்டியாக மாற்றியது.

கிட்டத்தட்ட நூறு வருடம் இப்படியே ஓடியது. 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பகுதியில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறங்க ஆரம்பித்தார்கள். 1976-ல் 'ரீபேக்' பந்தயம் தொடங்கியது. மிதியை பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடாகி கிரீஸ் உருகிவிடும்; ஒவ்வொரு தடவையும் ஹப்பில் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். அந்த வேகத்துக்கு டயர் காற்று மட்டும் போதவில்லை. மோட்டார் சைக்கிள் பந்தய உலகிலிருந்து வந்த பால் டர்னர், ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 ஃபோர்க்கை உருவாக்கினார். உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று, வேகத்தை அடக்க எண்ணெய். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், கிரெக் ஹெர்போல்ட் இந்த ஃபோர்க்கோடு டவுன்ஹில் பந்தயத்தை ஜெயித்தார். டயருக்குள் இருந்த காற்று ஃபோர்க்குக்குள்ளும் வந்துவிட்டது.

ஏன் காற்று? சின்ன வயசில் சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்திருப்பீர்கள். முதலில் லேசாக இறங்கும், போகப் போகக் கல்லாகிவிடும். கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்கு. 1662-ல் ராபர்ட் பாயில் சொன்னது. சின்னக் கல்லுக்கு மெத்தையாகவும் பெரிய பள்ளத்தில் அடிமுட்டாமலும் இருக்க இந்தக் குணம் உதவுகிறது. இன்னொரு விஷயம் முக்கியம். கம்பி ஸ்பிரிங் ஒரு எடைக்குத்தான் சரியாக இருக்கும். வேறு ஆளுக்கு வேண்டுமென்றால் பிரித்து ஸ்பிரிங்கையே மாற்றணும். காற்றில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்ததும், மகனை உட்கார வைத்து முறையாகச் செய்தேன். இதற்கென்று தனி ஷாக் பம்ப் உண்டு. ஃபோர்க்கின் காற்றறை மிகச் சின்னது. பஞ்சர் கடை கம்ப்ரசரை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அளவு எகிறிவிடும். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, ஹெல்மெட், ஷூ, பையோடு மெதுவாக ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் நிற்கணும். குதிக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளக்கணும். இதற்கு 'ஸாக்' என்று பெயர். மொத்த அசைவில் 15 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் நம் பாதைகளுக்குச் சரி. என் ஃபோர்க்குக்கு 100 மி.மீ அசைவு. 80 பிஎஸ்ஐயில் எனக்கு 20 மி.மீ இறங்கும். அவனுக்கு இறங்கியது வெறும் 8. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

42-க்குக் குறைத்து, ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி, உள்ளே இருக்கும் இரண்டு அறைகளிலும் காற்று சமமானதும் திரும்ப அளந்து, கடைசியில் 40-ல் நின்றோம். 20 மி.மீ. காற்று குறைந்தால் மேலே தள்ளும் விசையும் குறையும், அதனால் ரீபவுண்ட் திருகையும் முயல் படம் போட்ட பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

நம்மூர் ஆட்களுக்கு இன்னொன்று. டிசம்பர் காலை 20 டிகிரியில் வைத்த 80 பிஎஸ்ஐ, மே மதியம் 40 டிகிரியில் சுமார் 86.5 ஆகிவிடும். கோடையில் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேரியர்ல முந்திரி மூட்டை ஏத்தினா காத்து கூட அடிப்போம். இறக்கிட்டு வெறும் வண்டியா வரும்போது கொஞ்சம் புடுங்கி விடுவோம். கட்டைவிரல்ல அமுக்கிப் பார்த்தாத் தெரியும். இதைத்தானே சொல்ற?"

இதைத்தான். குரங்கு பெடல் காலத்திலும் அந்த சைக்கிளில் எடைக்குத் தகுந்தபடி மாறிய ஒரே பொருள் காற்று. அதைப் புரிந்துவைத்திருந்தவர் திண்ணையிலேயே இருந்தார். மீட்டர் வைத்த பம்ப் வாங்கிய நான்தான் மறந்திருந்தேன்.

மகனிடம் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு முந்திரிக்காட்டுப் பக்கம் போனான். அவன் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டினால், இருவரின் எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பம்பில் ஒட்டி வையுங்கள். எங்கள் பம்பில் இப்போது இருக்கிறது: அப்பா 80, தம்பி 40.