வெற்றிடக் குழல் கிதார் மிகைப்பி

வெற்றிடக் குழல் கிதார் மிகைப்பி என்பது மின்கிதாரிலிருந்து வரும் நலிந்த மின்குறிப்பை வெற்றிடக் குழல்களின் துணையால் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அளிக்கும் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது வால்வு ஆம்ப்ளிஃபையர் எனப்படும். டிரான்சிஸ்டரின் வருகையால் வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகள் மறைந்துவிட்டன. கிதார் மிகைப்பிகளில் அவை இன்றும் நிலைத்துள்ளன. 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட பழைய மிகைப்பிகளின் ஒலி வேறுபாடுகள் இன்றும் இசைக்கலைஞர்களிடையே விவாதிக்கப்படுகின்றன.

ஒலித் திரிபு

வானொலிப் பெட்டியில் குறையாகக் கருதப்படும் திரிபு, கிதார் மிகைப்பியில் விரும்பிப் பெறப்படுகிறது. குறிப்பு அளவுக்கு மிஞ்சும்போது அலையின் முகடு வெட்டுப்பட்டுப் புதிய சீரிசைகள் தோன்றுகின்றன. வால்வுகள் இரட்டைப்படைச் சீரிசைகளைத் தருவதால்தான் இனிமையாக ஒலிக்கின்றன என்று பரவலாகக் கூறப்படுகிறது. இது பாதி உண்மையே. முன்கட்டத்தில் அவ்வாறு நிகழ்ந்தாலும், இரண்டு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் வெளியீட்டுக் கட்டத்தில் இரட்டைப்படைச் சீரிசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன.

பாஸ்மேனும் ஜேடிஎம்45 உம்

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் இறுதியில் செய்த பாஸ்மேன் 5எஃப்6-ஏ, பாஸ் கிதாருக்காக ஆக்கப்பட்டதாயினும் மற்றக் கிதார் கலைஞர்களாலேயே பெரிதும் விரும்பப்பட்டது. இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் 1962 இல் இதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜேடிஎம்45 ஐ உருவாக்கினர். இரண்டின் மின்சுற்றும் ஏறக்குறைய ஒன்றே, ஒலி வேறு.

பாஸ்மேனின் முதல் வால்வான 12ஏஒய்7 இன் பெருக்கக் காரணி ஏறத்தாழ 44. மார்ஷல் பயன்படுத்திய இசிசி83 இன் காரணி 100. எனவே மார்ஷல் முன்னதாகவே திரிபடையத் தொடங்கும். வெளியீட்டு வால்வாகப் பாஸ்மேனில் 5881 இருக்க, மார்ஷலில் விரைவில் கேடி66 இடம்பெற்றது. ஒலிபெருக்கிகளின் பங்கும் பெரிது. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகள் உள்ளன. மார்ஷலின் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் உள்ளன. முன்னது துலக்கமாகவும் பரந்தும், பின்னது அடர்ந்தும் முன்னோக்கிப் பாய்வதாகவும் ஒலிக்கும். எரிக் கிளாப்டன் 1966 இல் ஜான் மாயலின் புளூஸ்பிரேக்கர்சுடன் வெளியிட்ட இசைத்தட்டில் மார்ஷலின் ஒலியைக் கேட்கலாம்.

வாக்ஸ் ஏசி30

பீட்டில்சு, ஷேடோசு ஆகிய குழுக்கள் பயன்படுத்திய இம்மிகைப்பியை டிக் டென்னி வடிவமைத்தார். இதில் நான்கு இஎல்84 வால்வுகள் உள்ளன. வெளியீட்டுக் கட்டத்தில் எதிர்ப் பின்னூட்டம் இல்லாததால் தூய ஒலியிலிருந்து திரிபுக்கு மாறுவது படிப்படியாக நிகழும். இது ஏ வகுப்பு மிகைப்பி என்று விற்பனையாளர்கள் கூறுவது ஐயத்திற்குரியது. முழு அளவில் ஒலிக்கும்போது இது ஏபி வகுப்பிலேயே இயங்குகிறது.

மின்வழங்கலின் விளைவு

ஒரே மிகைப்பி எல்லா நாட்டிலும் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. நீலகிரி மாவட்டம் மசினகுடிக்கு அருகே சிங்காராவில் உள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியது. அங்கு உண்டாகும் மின்சாரம், இந்தியா முழுவதும் உள்ளதைப் போலவே, நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. மிகைப்பியின் அலைதிருத்தி இதனை இருமடங்காக்குவதால் மசினகுடியில் எழும் இரைச்சல் 100 ஹெர்ட்சு. அமெரிக்காவில் அது 120 ஹெர்ட்சு. கிதாரின் தடித்த கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் எழும் சுரம் 98 ஹெர்ட்சு என்பதால், இங்கு இரைச்சல் அச்சுரத்தை ஒட்டியே நிற்கும். திரிபு மிகும்போது இவ்விரைச்சல் வாசிக்கும் சுரத்துடன் கலந்து, வாசிக்காத சுரங்களையும் மெலிதாகத் தோற்றுவிக்கும்.

பிரித்தானிய மிகைப்பிகள் 50 சுழற்சிகளுக்கே செய்யப்பட்டவை என்பதால் இந்தியாவில் இடரின்றி இயங்கும். அமெரிக்க மிகைப்பிக்கு 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் மின்மாற்றி தேவை. அது மின்னழுத்தத்தைக் குறைக்குமேயன்றிச் சுழற்சியை மாற்றாது. 60 சுழற்சிகளுக்கென்றே செய்யப்பட்ட பழைய உள்மின்மாற்றி இங்கு மிகுதியாகச் சூடேறும். மின்னழுத்தம் தாழ்ந்தால் திரிபு விரைவில் தொடங்கும். எடி வான் ஹேலன் இதற்காகவே தம் மார்ஷலுக்கு வேண்டுமென்றே குறைந்த மின்னழுத்தம் அளித்தார்.

இம்மிகைப்பிகளின் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கும் மேல் தேங்கக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்பும் அது உயிரைப் பறிக்கவல்லது. பயிற்சி இல்லாதோர் பெட்டியைத் திறத்தல் ஆகாது.

ஒப்பிடும் முறை

உரத்த ஒலி செவிக்குச் சிறந்ததாகத் தோன்றும். மேலும், ஒலி உரக்கும்போது தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைச் செவி கூடுதலாக உணர்கிறது. எனவே ஒலியளவைச் சமன்செய்யாமலும், ஒரே ஒலிபெருக்கியில் இணைக்காமலும் செய்யப்படும் ஒப்பீடுகள் மின்சுற்றைப் பற்றி அதிகம் தெரிவிப்பதில்லை. பழைய கருவிகளுக்குப் பெருந்தொகை கேட்கப்படும்போது இதனைக் கருத வேண்டும். பல ஆண்டுகளில் மின்தேக்கிகள் பழுதடைவதால், ஒரே வகையைச் சேர்ந்த இரு பழைய மிகைப்பிகளும்கூட வேறுபட்டு ஒலிப்பது இயல்பு.

இந்திய வால்வுகள்

1954 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் மின்னணு நிறுவனம் வானொலிப் பெட்டிகளுக்காக இசிசி83, இஎல்84 உள்ளிட்ட வால்வுகளைச் செய்தது. ஏசி30 இல் பொருந்துபவை இவ்வகைகளே என்பதால், எஞ்சிய பழைய இருப்பைக் கிதார் கலைஞர்கள் தேடி வாங்குகின்றனர். புதிய வால்வுகள் இன்று உருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன.