நிலத்துக்குத் திரும்பும் அதிர்வு

நிலநடுக்கப் பொறியியல் நெடுங்காலம் ஒரே திசையில்தான் சிந்தித்தது: நிலம் ஆட்டுகிறது, கட்டடம் ஆடுகிறது. ஆடும் கட்டடம் அடித்தளத்தின் வழியே நிலத்தைத் திருப்பித் தள்ளுகிறது என்பது அறிஞர்களுக்குத் தெரியாததல்ல. அதை வரவாக எழுதுவதா, செலவாக எழுதுவதா என்பதில்தான் இத்துறையின் வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் வரவாகவே எழுதினார்கள். 1935இல் டோக்கியோ நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தின் கட்சுதாதா செசாவாவும் கியோஷி கனாயும், கட்டடத்தின் அதிர்வு அடங்குவதற்கு அதன் ஆற்றல் தரைக்குள் வெளியேறுவதும் ஒரு காரணம் என்று கணிதவழியே காட்டினர். அடுத்த ஆண்டு எரிக் ரைஸ்னர், மேலும் கீழும் அதிரும் ஒரு வட்ட அடித்தளத்தை ஆராய்ந்தார். நிலத்தில் உட்தேய்மானமே இல்லாவிட்டாலும், அலைகள் ஆற்றலை அள்ளிக்கொண்டு வெளியேறுவதால் அதன் வீச்சு கட்டுக்குள் நிற்கிறது என்று நிறுவினார். கட்டடத்துக்கு நல்லதுதானே என்று பொறியாளர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். அந்த ஆற்றல் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரமாகக் கிடந்தது.

அதை நடுவே கொண்டுவந்தது பாசடீனாவில் கால்டெக் வளாகத்தின் மில்லிகன் நூலகம். ஒன்பது மாடிக் கான்கிரீட் கட்டடம்; கூரையில் எடைகளைச் சுழற்றி அதிர்வூட்டும் இயந்திரம். கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்ணுக்கு, அதாவது நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு சுற்றுகளுக்கு, இயந்திரத்தை இசைத்தால் மொத்தக் கட்டடமும் சீராக ஆடும். அந்த ஆட்டம் சுமார் 10 கி.மீ. தள்ளி, மவுண்ட் வில்சன் மலையிலிருந்த நிலநடுக்கமானியிலும் பதிவானதை பால் ஜென்னிங்ஸ் 1970இல் வெளியிட்டார். மேற்பரப்பு அலைகளின் வீச்சு மெதுவாகத்தான் தேய்கிறது: நிலத்தின் உறிஞ்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீச்சு பாதியாகக் குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். மலையை எட்டியது மிக நுண்ணிய அசைவுதான். ஆனாலும் கட்டடம் ஓர் அதிர்வு மூலம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

1973இல் லூகோ, கான்டெஸ் இருவரும், 1975இல் வாங், டிரிஃபுனாக் இருவரும் மண் வழியே கட்டடங்கள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணித்தனர். விதிமுறைகளோ பழைய வழியிலேயே சென்றன. 1978இல் அமெரிக்காவில் வந்த ஏடிசி 3-06 என்ற நிலநடுக்க விதிமுறை வரைவு, மண்ணோடான ஊடாட்டத்தைக் காட்டி வடிவமைப்பு விசையை 30 விழுக்காடு வரை குறைக்க இடம் தந்தது. பக்கத்து மனைக்குச் செல்லும் பங்கைப் பற்றி அதில் பேச்சில்லை.

1989 ஆகஸ்டில் கொலம்பியா விண்கலம் தரையிறங்கியபோது நடந்தது தற்செயலான ஒரு சோதனை. அதன் அதிர்ச்சி அலை லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தின் உயர் கட்டடங்களை மோதியது. அவை ஆடியதில் எழுந்த நில அலை, காற்றில் வந்த அதிர்ச்சி அலையை முந்திக்கொண்டு 12.5 நொடிக்கு முன்பே பாசடீனாவை எட்டியது. ஹிரூ கனமோரியும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினர்.

ஒரு கட்டடத்துக்கே இப்படியென்றால் ஒரு நகரத்துக்கு? 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரின் பழைய ஏரிக் களிமண் சுமார் இரண்டு நொடி அலைவுக் காலத்தில் நெடுநேரம் ஆடியது. அதிகம் நொறுங்கியவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். அந்த நீடிப்பை மண்ணடுக்கை மட்டும் வைத்து விளக்குவது கடினமாக இருந்தது. கட்டடங்கள் திருப்பி அனுப்பிய அலைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று 1996இல் விர்ஜினும் பார்டும் முன்வைத்தனர். கிரேக்கத்தின் வோல்வி சோதனைக் களத்தில் ஒரு மாதிரிக் கட்டடத்தை இழுத்துத் திடீரென விடுவித்து, சுற்றுமண்ணின் அசைவை கெகன் குழு அளந்தது. முடிவுகள் 2000இல் வெளிவந்தன.

இந்தச் செலவுக் கணக்கும் நேர்கோட்டில் செல்லவில்லை என்பதே எனக்குச் சுவையானது. நீஸ் நகரை மாதிரியாகக் கொண்டு காம், செம்ப்லா குழுவினர் 2006இல் வெளியிட்ட கணிப்பில், நகருக்குள் நில அசைவின் ஆற்றல் குறையவும் செய்தது. ஆனால் இடத்துக்கு இடம் அசைவு ஒத்துப்போகவில்லை. அடர்ந்த நகரங்களில், அதுவும் கட்டட நிலவறைகளில் நிறுவிய கருவிகளின் பதிவுகளைக் கட்டடமில்லா நிலத்தின் அசைவாக எடுத்துக்கொண்டு, நில அசைவைக் கணிக்க வகுத்த சமன்பாடுகளை, குறிப்பாக மென்மண் நகரங்களுக்கானவற்றை, இந்தக் கோணத்தில் மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.